மூணாறு குளிருக்கு அம்மா அப்பா வீட்டுல என்ன ஹீட்டர் வைக்கலாம்? புகையும் வேண்டாம், கரண்ட் பில்லும் எகிறக் கூடாது

கொழுந்துக்காடு
டிசம்பர் 2

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு சொந்த ஊரு மூணாறு, எஸ்டேட் லயத்துல (தொழிலாளர் வரிசை வீடு) பொறந்து வளந்தவன், இப்ப கோயம்புத்தூர்ல வேலை. அப்பா தேயிலை ஃபேக்டரியில இருந்தாரு, அம்மா கொழுந்து எடுத்தாங்க, ரெண்டு பேரும் ரிட்டயர் ஆகி லயத்த ஒப்படைச்சுட்டு தேவிகுளம் போற ரோட்டுக்கு மேல ஒரு சின்ன வீட்டுல இருக்காங்க. ரெண்டு ரூமு, ஒரு அடுப்படி. ஹாலோ பிளாக் சுவரு, மேல தகர ஷீட்டு, சீலிங் கிடையாது.

அம்மாவுக்கு நாலு வருஷமா வீசிங் இருக்கு. போன தை மாசம் லீவுல போயிருந்தப்ப ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுப் பாத்தா கம்பளிய போத்திக்கிட்டு கட்டில்ல உக்காந்துருக்காங்க, படுத்தா மூச்சு இழுக்குதுங்கறாங்க, சரி அடுப்படியில கணப்பு கிட்ட வந்து உக்காருங்கன்னு கூட்டிட்டுப் போனா அந்தப் புகைக்கு இருமல் நிக்கல. குளிரும் ஆகல, தீயும் ஆகல. அன்னைக்கு காலையில வெளிய புல்லு மேல உப்பு தூவுன மாதிரி உறைபனி.

லயத்துல இருந்தப்ப கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) விறகு கிடைச்சுது, இப்ப காசுக்கு வாங்குறோம், மழைக்காலத்துல வர்ற விறகெல்லாம் ஈரம், ஒரே புகை. அதனால 2000 வாட் ஃபேன் ஹீட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். ஓடுறப்ப நல்லா இருக்கு, நிறுத்துன பத்தாவது நிமிஷம் பழைய குளிருதான். ரெண்டு மாச பில்ல பாத்துட்டு அப்பா அத தூக்கி பெட்டிக்குள்ள வச்சுட்டாரு.

இந்த வருஷம் குளிரு முத்துறதுக்குள்ள ஏதாவது உருப்படியா பண்ணிரணும். ஆயில் ஹீட்டர், கேஸ் ஹீட்டர், ஹாட் அண்ட் கோல்ட் ஏசின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இன்னொண்ணும் கேக்கணும், நம்ம மலையில முன்ன மாதிரி பருவம் இல்ல, மழை ஒரேயடியா கொட்டுது இல்லன்னா காயுது, இதுல நாமளும் கரிய எரிச்சு சூடு காயுறதுக்கு மனசு வரல. இடுக்கி கரண்டு தண்ணியில இருந்து வர்றதுதானே, அப்ப கரண்ட் ஹீட்டர் சுத்தமானதுன்னு எடுத்துக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


வயரிங் அண்ணாச்சி
டிசம்பர் 2

தம்பி, நான் இருபத்தஞ்சு வருஷமா இந்த மலையில வயரிங் வேலை பாக்குறேன், லயம், ரிசார்ட்டு, பங்களா எல்லாம் பாத்தாச்சு. நீங்க ஹீட்டர்ல இருந்து ஆரம்பிச்சதுதான் தப்பு, கூரையில இருந்து ஆரம்பிச்சிருக்கணும். தகர ஷீட்டுக்குக் கீழ சீலிங் இல்லாத ரூம்ல ஹீட்டர் போடுறது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கற கதைதான், பத்து நிமிஷத்துல குளிர்ந்துருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க.

கணக்கு சொல்றேன். பத்துக்குப் பன்னெண்டு ரூம்னா மேல்பரப்பு சுமாரா 11 சதுர மீட்டர். உள்ளுக்கும் வெளிக்கும் 12 டிகிரி வித்தியாசம் வேணும்னா வெறும் தகரத்து வழியா மட்டும் ஏறக்குறைய 800 வாட் சூடு போய்க்கிட்டே இருக்கும். அதுக்குக் கீழ ரெண்டு இஞ்சு தெர்மாகோல் வச்சு சீலிங் அடிச்சா அது 80, 90 வாட்டுக்கு இறங்கிரும். தூங்குற ஒரு ஆளு உடம்புல இருந்தே 70 வாட் பக்கம் சூடு வரும், ரெண்டு பேர் படுத்தா கூரை வழியா போறது அதுலயே ஈடாயிரும். சுவரு, ஜன்னல், கதவு வழியா போறது தனி, ஆனா பெரிய ஓட்டை கூரைதான்.

ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, தெர்மாகோல் தீப்பிடிச்சா கெட்ட புகை, அதனால அத வெறுமனே தொங்க விடாதீங்க, கீழ சிமெண்ட் போர்டோ ஜிப்சம் போர்டோ அடிச்சு மூடணும், அடுப்படிக்கு மேல தெர்மாகோலே வேண்டாம், அங்க ராக் வூல் (கல்லுப் பஞ்சு) போடுங்க. ரெண்டு, ஜாயின்ட் எல்லாம் டேப் போட்டு அடைக்கணும். காலையில ஷீட்டுல இருந்து சொட்டு சொட்டா விழுமே, அது மழையில்ல, நம்ம மூச்சுக்காத்துல இருக்கற ஈரம் மேல போயி குளுந்த தகரத்துல பட்டு தண்ணியாகறது. இடுக்கு விட்டா அது சீலிங்குக்கு மேல சேந்து பூசணம் பிடிக்கும், வீசிங் இருக்கறவங்களுக்கு பூசணமும் புகை மாதிரியே ஆகாது.

இப்ப ஹீட்டருக்கு வர்றேன். ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர், கம்பி சிவக்குற ஹீட்டர், எதுவா இருந்தாலும் ஒரு யூனிட் எடுத்தா ஒரு யூனிட் சூடுதான் தரும், அதுல ஒண்ணு சிக்கனம் ஒண்ணு செலவுன்னு கடையில சொன்னா நம்பாதீங்க. 2000 வாட்ட ஆறு மணி நேரம் போட்டா 12 யூனிட், மாசத்துக்கு 360. நம்ம கேரளாவுல மாசம் 250 யூனிட்டுக்குள்ள இருந்தா படிப்படியா ரேட்டு ஏறும், 250ஐ தாண்டிட்டா மொதல் யூனிட்டுல இருந்து மொத்தத்துக்கும் ஒரே பெரிய ரேட்டு. அப்பா பயந்துபோனதுக்கு காரணம் அதுதான்.

பழைய வீட்டு வயரிங்ல இந்த மாதிரி லோடு போடுறதுக்கு முன்னால எர்த்து இருக்கான்னு பாக்க ஆளக் கூப்பிடுங்க. 16 ஆம்பியர் பிளக்குக்கு தனி வயர் இழுக்காம எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மட்டும் ஹீட்டர சொருகாதீங்க, உருகிப்போன பாக்ஸ் எத்தனையோ கழட்டியிருக்கேன்.


சந்தனமலை
டிசம்பர் 3

எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும், நம்ம தாத்தா பாட்டியெல்லாம் ஒரு சட்டியில கங்க அள்ளி கட்டில் பக்கத்துல வச்சுட்டுதான் தூங்குனாங்க, விறகு மரம் திரும்ப வளருது, அத விட இயற்கையானது எது.


வயரிங் அண்ணாச்சி
டிசம்பர் 3

சந்தனமலை சார், தயவுசெஞ்சு இத யாரும் செய்யாதீங்க. அந்தக் காலத்து வீட்டுல ஓலை இடுக்கு, பலகை இடுக்குன்னு காத்து போறதுக்கு வழி இருந்துச்சு. இப்ப ஜன்னல் கதவ இறுக்க அடைச்சுட்டு கரி கங்க உள்ள வச்சா கார்பன் மோனாக்சைடு சேரும், அதுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே உசுரு போயிரும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் ரூமுக்குள்ள கரி அடுப்பு வச்சுட்டுத் தூங்குனவங்க செத்துப்போன சேதி நாம படிச்சதுதான். சிலிண்டர் வச்ச கேஸ் ஹீட்டரும் அந்த ஜாதிதான், புகைக்குழாய் இல்லாம ரூமுக்குள்ளயே எரியுறது, போதாததுக்கு ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒண்ணரை கிலோவுக்கு மேல தண்ணி ஆவி ரூமுக்குள்ள வரும். தம்பி, அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம்.


மறையூர் அக்கா
டிசம்பர் 3

தம்பி உங்க அம்மா கத படிச்சுட்டு மனசு கேக்கல. எங்க மாமியாருக்கும் இதே கதை, காந்தல்லூர்ல மேல இருந்தோம், இப்பதான் மறையூர் வந்து வருஷம் ஆறாகுது.

விறகு கெட்டது இல்ல, நாம எரிக்கற விதம் கெட்டது. மூணு கல்லு அடுப்புல விறகோட சூட்டுல பத்துல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா ஒண்ணரைப் பங்குதான் பாத்திரத்துக்குப் போகும், ஈர விறகுன்னா அந்த ஈரத்த ஓட்டவும் கொஞ்சம் தீ வீணாகும். உங்களுக்கு பரிஷத் அடுப்பு தெரியுமான்னு தெரியல, 1980கள்ல சாஸ்திர சாகித்ய பரிஷத்ங்கற அறிவியல் பரப்புற அமைப்புக்காரங்க கேரளா பூரா கட்டிக் குடுத்த புகைக்குழாய் வச்ச அடுப்பு. நாங்க அந்த மாதிரி ஒண்ணு கட்டுனோம், விறகு பாதியாச்சு, அடுப்படி சுவத்துல கரி பிடிக்கறதே நின்னுருச்சு. அவங்களே சூடாறாப்பெட்டின்னு ஒண்ணும் சொல்லிக் குடுத்தாங்க, ஒரு பெட்டிக்குள்ள தெர்மாகோல் ஒட்டி கொதிச்ச சோத்துப் பானைய அப்படியே உள்ள வச்சு மூடிட்டா தீ இல்லாமலே வெந்துரும். எங்க வீட்டுல அதுல சோறு மட்டும் இல்ல, ராத்திரி ஒரு பானை வெந்நீரையும் வச்சுருவேன், விடியக்காலம் அஞ்சு மணிக்கு மாத்திரை போடவும் மொகம் கழுவவும் சூடாவே இருக்கும், அந்த நேரத்துக்கு எந்திரிச்சு யாரும் அடுப்பு மூட்ட வேண்டியதில்ல. உங்க அம்மாவுக்கு அந்த விடியக்கால அடுப்பு நின்னாலே பாதி இருமல் நிக்கும்.

அடுத்தது குளிக்கற தண்ணி. இத யாருமே சொல்லலையேன்னு பாத்தேன். குளிருக்கு நாம செலவழிக்கறதுல பெரும்பங்கு அங்கதான். நூறு லிட்டர் தண்ணிய 15 டிகிரியில இருந்து 45க்கு ஏத்த மூணரை யூனிட் வேணும், கீசர்ல போட்டாலும் வாட்டர் ராடு போட்டாலும் அதேதான். மொட்டை மாடியோ ஷீட்டு மேல தாங்கற ஸ்டாண்டோ இருந்தா சோலார் வாட்டர் ஹீட்டர் வைங்க. நம்ம ஊர் குளிருக்கு கண்ணாடிக் குழாய் வச்சது வாங்குங்க, குழாய்க்குள்ள ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல காத்தே இருக்காது, அதனால வெளிய எவ்வளவு குளுந்தாலும் பிடிச்ச சூட்ட விடாது.

ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா, உறைபனி விழுற நாள்லதான் பகல்ல வானம் சுத்தமா இருக்கும். மேகம் இல்லாததாலதான் ராத்திரி அவ்வளவு குளிரு. அப்ப மார்கழி, தை மாசத்துல வெயில் நமக்குக் கிடைக்குது, அத சாயங்காலம் வரைக்கும் பிடிச்சு வச்சுக்கத் தெரிஞ்சா போதும். ஆடி மாசச் சாரல்ல அது வேலை செய்யாது, அப்ப கரண்ட் பேக்கப் போட்டுக்கணும், அத மறைக்கல.

சாயங்காலம் அந்த வெந்நீர ரப்பர் பையில ஊத்தி கால்மாட்டுல வச்சுட்டுப் படுக்கச் சொல்லுங்க, துணி உறை போட்டு. சின்ன விஷயம்தான், ஆனா கால் சூடானா தூக்கம் வரும்.


கொழுந்துக்காடு
டிசம்பர் 3

அக்கா, ரொம்ப நன்றி. சூடாறாப்பெட்டின்னு சொன்னதும் அம்மாகிட்ட போன்ல கேட்டேன், லயத்துல ஒரு வீட்டுல இருந்துச்சாம், அவங்களுக்கே தெரியுது. அண்ணாச்சி, சீலிங்குக்கு ஆள் பாக்கச் சொல்லிட்டேன். ஹாட் அண்ட் கோல்ட் ஏசி பத்தி யாராவது சொல்லுங்களேன், அது நிஜமாவே கரண்டு கம்மியா எடுக்குமா?


தேவிகுளத்துக்காரி
டிசம்பர் 4

நான் தேவிகுளத்துல பொறந்தவ, இங்கிலாந்துல நர்ஸா இருக்கேன், இங்க ஒன்பதாவது குளிர்காலம். நீங்க கேக்குறது ஹீட் பம்ப் தம்பி, இந்த ஊர்ல இப்ப எங்க பாத்தாலும் அந்தப் பேச்சுதான், அதனால நான் பட்டதச் சொல்றேன்.

அது சூட்ட உண்டாக்கறது இல்ல, வெளிக்காத்துல இருக்கற சூட்ட எடுத்து உள்ள கொண்டு வருது, ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கற சூட்ட பின்னால தள்ளுதே அதே வேலைதான். குளுந்த காத்துலயும் சூடு இருக்கு. அதனால ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் சூடு கிடைக்கும், ஹாட் அண்ட் கோல்ட் ஏசியும் இதே மிஷின்தான். ஆனா வெளிய ரெண்டு மூணு டிகிரிக்கு வந்து காத்துல ஈரமும் இருந்தா வெளி யூனிட்டுல பனி படியும், அப்பப்ப அத உருக்கிக்கும், அந்த அஞ்சு பத்து நிமிஷம் சூடு வராது, மூணுங்கறது ரெண்டு ரெண்டரைக்கு இறங்கும். மூணாறு விடியக்காலம் சரியா அந்த மாதிரிதான். அதனால வாங்கும்போது எத்தனை டிகிரி வரைக்கும் சூடு தரும்னு எழுத்துல பாத்து வாங்கணும், கீழ ஊர்ல விக்கற எல்லா மாடலும் அதுக்குன்னு செஞ்சது கிடையாது. தேவைக்கு ஏத்தபடி வேகத்த கூட்டிக் குறைச்சுக்கற இன்வெர்ட்டர் மாடலா இருக்கணும்.

இங்க பத்துல எட்டு வீட்டுக்கு மேல கேஸ் பாய்லர்தான். அத எடுத்துட்டு ஹீட் பம்ப் வச்சா இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் அரசாங்கம் 7,500 பவுண்டு தருது, நாங்களும் அந்தத் திட்டத்துலதான் வச்சோம். ஆனா வீட்டப் பாக்க வந்தவரு மிஷினப் பத்தி பேசவே இல்ல, நேரா பரண்ல ஏறி டேப்ப வச்சு அளந்தாரு. இங்க கூரைக்குக் கீழ 270 மில்லிமீட்டர் கனத்துக்கு கம்பளி மாதிரி பஞ்சு விரிக்கணும்னு கணக்கு, எங்க வீட்டுல பாதிதான் இருந்துச்சு, மொதல்ல அத முடிங்க அப்புறம் பேசலாம்னுட்டு போயிட்டாரு. அண்ணாச்சி சொன்னதும் இவரு சொன்னதும் ஒண்ணுதான், அத படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பழைய பாய்லர் ரேடியேட்டருக்கு, அதாவது ரூம் சுவத்துல மாட்டியிருக்கற சூட்டுத் தகட்டுக்கு, 65, 70 டிகிரி தண்ணி அனுப்பும். ஹீட் பம்ப் 45லயே ஓட்டணும், அப்பதான் சிக்கனம். அதனால ரேடியேட்டர பெருசா மாத்துனாங்க, எப்பவும் மெதுவா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு கொதிக்கற சூடு வராது, ஆரம்பத்துல எனக்கு இது வேலையே செய்யலையோன்னு தோணுச்சு. பில்லு பெருசா குறையல, ஏன்னா இங்க கரண்டு யூனிட்டு கேஸ் யூனிட்ட விட ஏறக்குறைய நாலு மடங்கு விலை. ஆனா வீட்டுல எரியுறது எதுவும் இல்ல, பையனுக்கு இருந்த மூக்கடைப்பு போச்சு.

கரண்டே கரியில வந்தா என்ன லாபம்னு கேப்பீங்க. இங்க 2024 செப்டம்பர் 30ஆம் தேதி கடைசி நிலக்கரி மின்நிலையத்த மூடிட்டாங்க. 1882ல லண்டன்ல ஆரம்பிச்சது, 142 வருஷம். அன்னைக்கு நைட் டியூட்டியில வயசான பேஷண்ட் ஒருத்தரு டிவியில அத பாத்துட்டு கண்ணு கலங்குனாரு, அவரு சுரங்கத்துல வேலை பாத்தவராம். எனக்கு நம்ம லயத்து ஆளுங்க ஞாபகம் வந்துச்சு.

உங்க வீட்டுக்கு நான் மிஷின் வாங்கச் சொல்ல மாட்டேன், இப்போதைக்கு. ரூமையே சூடாக்க வேண்டாம், படுக்கைய சூடாக்குங்க. எலெக்ட்ரிக் பிளாங்கெட்னு படுக்கைக்கு அடியில விரிக்கறது இருக்கு, ரெண்டு பேர் படுக்கைக்கு 100, 150 வாட்தான், ராத்திரி பூரா ஓடுனாலும் ஒரு யூனிட் பக்கம்தான் வரும். டைமர் இருக்கறது வாங்குங்க, மடிச்சு வைக்கக் கூடாது, ஈரம் படக் கூடாது. சுகர் இருந்து கால்ல உணர்ச்சி கம்மியா இருக்கறவங்க போட்டுட்டே தூங்கக் கூடாது, சுடுறது தெரியாம புண்ணாயிரும், அவங்க படுக்கறதுக்கு முன்ன அரை மணி நேரம் போட்டுட்டு நிறுத்திரணும். ரப்பர் பைக்கும் இதேதான்.


மூலமற்றம்
டிசம்பர் 5

இடுக்கி கரண்டு சுத்தமானதுதானேன்னு கேட்டிருந்தீங்க, அதுக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், எனக்கு இதுலதான் ஆர்வம்.

நம்ம மூணாறு மலைதான் கேரளாவுக்கு மொத மொத தண்ணிக் கரண்டு குடுத்தது. பள்ளிவாசல், 1940, முதிரப்புழை ஆத்துத் தண்ணி, மொத்தம் 37.5 மெகாவாட். அப்புறம் 1976ல ஆரம்பிச்ச இடுக்கி, மூலமற்றத்துல மலையக் குடைஞ்சு பூமிக்கடியில ஆறு மிஷின், ஒவ்வொண்ணும் 130, மொத்தம் 780 மெகாவாட். அதனால நம்ம வீட்டு பல்பு தண்ணியில எரியுதுன்னு சின்ன வயசுல இருந்து நம்பி வளந்தோம். ஆனா இப்ப கேரளா செலவழிக்கற கரண்டுல மூணுல ரெண்டு பங்கு வெளிய இருந்து வாங்குறது, அதுல நிறைய நிலக்கரி. 2013 டிசம்பர் 31ல தென்மாநில கிரிட்ட (மின்கம்பி வலைய) நாட்டோட சேத்ததுல இருந்து எல்லாம் ஒரே குளம் மாதிரிதான், எந்த வாய்க்கால் தண்ணி எந்த வயலுக்குப் போச்சுன்னு பிரிக்க முடியாது. நாடு முழுக்கப் பாத்தா கரண்டுல பத்துல ஏழு பங்குக்கு மேல இன்னும் கரிதான், ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடுன்னு வச்சுக்கலாம்.

இப்ப ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிஞ்சா சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, சூடு 12.8 யூனிட், அப்ப ஒரு யூனிட் சூட்டுக்கு 0.23 கிலோ. ஃபேன் ஹீட்டர்னா 0.7, கேஸ விட மூணு மடங்கு. ஹீட் பம்ப்னா 0.7ஐ மூணால வகுத்துருங்க, அதுவும் 0.23, கேஸோட சமம். ஆனா கேஸ் என்னைக்கும் 0.23லதான் நிக்கும், கிரிட்டுல வெயிலும் காத்தும் கூடக் கூட ஹீட் பம்ப் கணக்கு இறங்கிக்கிட்டே வரும். அதனாலதான் உலகம் பூரா அந்தப் பக்கம் போறாங்க. நம்ம நாட்டுல 2025ல மின்நிலையங்களோட மொத்த நிறுவு திறன்ல பாதி கரி, கேஸ் இல்லாததுன்னு ஆயிருச்சு, ஆனா வெயில் ராத்திரி இருக்காதே, அதனால உற்பத்தியில அந்தப் பங்கு இன்னும் வரல.

எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். மறையூர் அக்கா சொன்னாங்களே, உறைபனி நாள்ல பகல் வெயில் நல்லா இருக்கும்னு. அத அப்படியே பெருசாக்கிப் பாருங்க. தென்மேற்குப் பருவத்துல வெயில் இல்லாதப்ப ராமக்கல்மேடு, கம்பம் பள்ளத்தாக்கு, அந்தப் பக்கம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காத்தாடி எல்லாம் விடாம சுத்தும், அதே நேரம் நம்ம டேமும் நிறையும். தை, மாசியில காத்து விழுந்துரும், வெயில் இருக்கும், டேம்ல தேக்குன தண்ணி இருக்கும். ஒண்ணு இல்லாதப்ப ஒண்ணு கை குடுக்குது. விடுபடுறது சாயங்காலம் ஆறு மணியில இருந்து பதினோரு மணி வரைக்கும், எல்லா வீட்டுலயும் லைட்டு, ஃபேன், அடுப்பு, கீசர். அந்த நேரத்த தாங்கத்தான் சேமிப்பு வேணும். வால்பாறைக்குப் பக்கத்துல காடம்பாறையில தமிழ்நாடு 400 மெகாவாட்டுக்கு மலைக்குள்ள கட்டி வச்சிருக்கு, கரண்டு மிஞ்சறப்ப கீழ இருக்கற தண்ணிய மேல ஏத்தி பீக் நேரத்துல இறக்கி எடுக்கறது. 1980கள்லயே வந்தது, நம்ம மலைக்கு அந்தப் பக்கம்தான். கேரளாவுக்கு அந்த மாதிரி நிறைய வேணும்ங்கறது என் எண்ணம், புதுசா காட்ட முக்காம, இருக்கற டேம் ரெண்ட இணைச்சு.

அதனால உங்க வீட்டளவுல நீங்க செய்யக் கூடியது, கரண்ட் பேக்கப் போட்டு தண்ணி சுட வைக்கணும்னா நடுப்பகல்ல போடுங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு வேண்டாம். டேங்க்குல சுத்தி பஞ்சு இருக்கறதால ராத்திரி வரைக்கும் சூடு நிக்கும்.

கூரை சோலாரும் பாருங்க. பி.எம். சூர்யா கர் திட்டம் 2024 பிப்ரவரியில வந்தது, மொத ரெண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணு கிலோவாட்னா மொத்தம் 78,000 ரூபா மானியம். வருஷ சராசரியா ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட் பக்கம் வரும், சாரல் மாசத்துல பாதி கூட வராது. கரண்ட் கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு, கூரை அந்த வெயிட்ட தாங்குமாங்கறத மொதல்ல பாத்துக்கோங்க, நம்ம ஊர்ல வீட்டு பேப்பரு எல்லாருக்கும் ஒழுங்கா இருக்காதுங்கறது நமக்குத் தெரிஞ்ச சங்கடம்.


சந்தனமலை
டிசம்பர் 5

கங்கு சட்டி பத்தி நான் எழுதுனது தப்பு, வீட்டுல ரெண்டு குழந்தைங்க இருக்கு, இன்னைக்கே எடுத்துட்டேன். ஆனா ஒரு சந்தேகம், மாடு ரெண்டு வச்சிருக்கேன், சாண கேஸ் போடலாமா?


மறையூர் அக்கா
டிசம்பர் 5

போடலாம் சார், ஆனா மேல குளிருல மெதுவாத்தான் வரும். 15 டிகிரிக்குக் கீழ போனா அந்த நுண்ணுயிரி எல்லாம் சோம்பிரும், குளிர்காலத்துல கேஸ் ரொம்பக் குறையும். தொட்டிய மண்ணுக்குள்ள புதைச்சு கட்டுங்க, வெயில் படுற இடமா பாத்துக்கோங்க, சாணிய வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊத்துங்க. கேரள அரசோட மாற்று எரிசக்தி நிறுவனமான அனெர்ட் ஆபீஸ்ல கேட்டா வழி சொல்லுவாங்க. வந்த கேஸ சமையலுக்கு மட்டும் வைங்க, சூடு காய வேண்டாம்.


கொழுந்துக்காடு
ஜனவரி 11

எல்லாருக்கும் திரும்ப வணக்கம், செஞ்சத எழுதிரலாம்னு வந்தேன். கிறிஸ்துமஸ் லீவுல போயி அம்மா அப்பா படுக்கற ரூமுக்கு மட்டும் சீலிங் அடிச்சாச்சு, ரெண்டு இஞ்சு தெர்மாகோல், கீழ சிமெண்ட் போர்டு, ஜாயின்ட் எல்லாம் டேப். கதவுக்கு அடியில ரப்பர் பட்டை. ஜன்னலுக்கு மேல ஒரு சின்ன காத்துத் துவாரத்த மட்டும் அண்ணாச்சி சொன்னது மனசுல இருந்ததால அடைக்காம விட்டேன். ரெண்டு தெர்மாமீட்டர் வாங்கி ஒண்ண உள்ளயும் ஒண்ண வெளித் திண்ணையிலயும் மாட்டி அப்பாகிட்ட ஒரு நோட்டுல எழுதச் சொன்னேன், ஃபேக்டரியில டிரையர் சூட்ட எழுதி வச்சே பழகுனவரு, ஒரு நாள் விடாம எழுதுறாரு.

ஜனவரி 7 விடியக்காலம் அஞ்சு மணி, வெளிய 2, உள்ள 13. ஹீட்டர் போடல. சீலிங் அடிக்காத முன் ரூம்ல அதே நேரம் 5. அந்த நோட்ட அப்பா போட்டோ எடுத்து அனுப்புனாரு, நான் ஆபீஸ்ல அத பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்துட்டேன்.

பிளாங்கெட் வாங்கியாச்சு, அம்மாவுக்கு சுகர் இருக்கறதால படுக்கறதுக்கு முன்ன அரை மணி நேரம் மட்டும். சூடாறாப்பெட்டி அப்பாவே பழைய தேயிலைப் பெட்டியில செஞ்சுட்டாரு. விடியக்காலம் அடுப்பு மூட்டறது இல்ல. அம்மா ராத்திரி எந்திரிச்சு உக்காரறது முழுசா நிக்கல, வாரத்துல ஒரு நாள் வருது, இன்ஹேலர் போய்க்கிட்டுதான் இருக்கு, டாக்டர்கிட்ட அடுத்த வாரம் காட்டணும். ஆனா முன்ன தினமும் இருந்துச்சு.

சோலார் தண்ணிக்கு ஷீட்டு மேல வைக்க ஸ்டாண்டு தாங்காதுன்னு சொல்லிட்டாங்க, பின்னால மேட்டுல தரையிலயே வைக்கலாம்னு இருக்கேன். அக்கா, அங்க இருந்து குளியலறை வரைக்கும் முப்பது அடி பைப்பு வரும், அந்த பைப்புக்கு மேல என்ன சுத்துறது, உறைபனி நாள்ல குளுந்த தண்ணி வர்ற பைப்பு வெடிக்குமா?


மறையூர் அக்கா
ஜனவரி 11

தம்பி, படிச்சுட்டு கண்ணு நெறஞ்சு போச்சு. முப்பது அடி அதிகம்தான், பைப்புல நிக்கற தண்ணி ஒவ்வொரு தடவையும் ஆறிப்போயி வீணாகும், அதனால அரை இஞ்சு பைப்பே போடுங்க, பெருசு வேண்டாம். கருப்பு கலர்ல ஸ்பாஞ்சு மாதிரி குழல் விக்கும், ஏசிக்காரங்க காப்பர் பைப்புக்கு போடுவாங்களே அதேதான், ரெண்டு பைப்புக்கும் மாட்டுங்க, மேல வெயில் படாம டேப் சுத்துங்க இல்லன்னா ரெண்டு வருஷத்துல பொடியா உதிந்துரும். நம்ம ஊர்ல ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் பூஜ்யத்துக்குக் கீழ போகும், மூடுன பைப்பு வெடிக்கறது அபூர்வம், ஆனா திறந்த வெளியில இருக்கற வளைவும் வால்வும் மொதல்ல உறையும், அத மண்ணுக்குள்ள ஒரு அடி இறக்கிக் கொண்டு போயிட்டா அந்தப் பயமும் இல்ல. மேட்டுல வைக்கறப்ப தெக்கப் பாத்த மாதிரி வைங்க, பக்கத்துல கிராண்டிஸ் மரம் இருந்தா மூணு மணிக்கு மேல நிழல் விழுதான்னு ஒரு நாள் நின்னு பாத்துட்டு அப்புறம் குழி வெட்டுங்க.